வான் நடுவழியில் நின்றால் யாருடைய செலவு?

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர், பள்ளிக்கூடக் கூட்டாளிகள். ஓகஸ்டில் இரண்டு பழைய வொக்ஸ்வாகன் கொம்பி வான்களை வாடகைக்கு எடுத்து நல்லூர்த் தேருக்குப் போய், அங்கிருந்து திருகோணமலை, மட்டக்களப்பு, அறுகம்பை, எல்ல, நுவரெலியா என்று பத்து நாளில் கொழும்புக்குத் திரும்புவதாகத் திட்டம். வானுக்குள் படுக்கையும் சின்ன அடுப்பும் இருக்கின்றன. உரிமையாளர் பாதிப் பணத்தை இப்போதே கேட்கிறார். எங்களில் ஒருவருடைய அடையாள அட்டையையும் பிணையாக வைக்கச் சொல்கிறார். எழுத்தில் எதுவும் தரவில்லை, "நம்பிக்கைதானே தம்பி" என்கிறார். கொடுக்கலாமா?
(வெள்ளவத்தை வாசகர்)

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அவர் ஏமாற்றுவார் என்று சொல்லவில்லை. அந்த வான் எங்காவது ஓரிடத்தில் நிற்கும். அதை அவரும் அறிவார், நீங்களும் இப்போதே அறிந்துகொள்ளுங்கள். நிற்குமா நிற்காதா என்று அவரோடு வாதாடிப் பயனில்லை. நின்றால் யார் என்ன செய்வது என்பதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். பழைய வானை வாடகைக்கு எடுப்பதில் ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

கொம்பி 1950இல் ஜேர்மனியில் உற்பத்திக்கு வந்தது. முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருக்கும் வான்கள் 1967 வரை, ஒரே கண்ணாடி வைத்தவை அங்கே 1979 வரை. ஆக, ஜேர்மனியிலிருந்து வந்த கொம்பி என்றால் ஆகக் கடைசி வானுக்கும் வயது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. இரண்டு வான்களின் பதிவுப் புத்தகத்தையும் வாங்கி ஆண்டைப் பாருங்கள். 1971 மாடலுக்கு முந்தியது என்றால் முன்சில்லிலும் டிரம் பிரேக்தான், டிஸ்க் இல்லை. ஆட்களும் மூட்டை முடிச்சும் ஏறிய வானை றம்பொடை மலையில் இறக்கும்போது இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். அவரிடம் இரண்டு வகையும் இருந்தால் பிந்தியதைக் கேளுங்கள். அழகில் முந்தியதுதான் முந்தும், ஒப்புக்கொள்கிறேன்.

எஞ்சின் பின்னால், காற்றால் குளிரும் வகை. ரேடியேட்டரே கிடையாது. சாதாரண 1600 சிசி எஞ்சினில் குளிர்விக்கும் விசிறியும் டைனமோவும் ஒரே தண்டில், ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன. பெல்ட் அறுந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். புதுக் காரில் என்றால் "பற்றறி சார்ஜ் ஆகவில்லை, அடுத்த ஊரில் பார்ப்போம்" என்று ஓட்டிக்கொண்டு போகலாம். இதில் அப்படிப் போனால் சில நிமிடத்தில் எஞ்சின் வெந்துவிடும். விளக்கு எரிந்த அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஒருமுறை ஹபரணைக்கு இப்பால் எனக்கு இது நடந்தது. மாற்றுப் பெல்ட் வானில் இல்லை, உரிமையாளரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. பெல்ட்டின் விலை அற்பம், அன்று போன பகலுக்கும் பிரேக்டவுன் லொறிக்கும் கொடுத்ததுதான் அதிகம். அந்தச் செலவை யார் ஏற்பது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆகவே நானே ஏற்றேன்.

அதனால் எழுத வேண்டியவை: பயணத்தில் பழுதானால் திருத்தும் செலவும் இழுத்துச் செல்லும் செலவும் உரிமையாளருடையவை, உங்கள் கவனக்குறைவால் வந்தது மட்டும் உங்களுடையது. இத்தனை மணித்தியாலத்துக்குள் திருத்த முடியாவிட்டால் மாற்று வாகனம், அல்லது அந்த நாட்களின் வாடகை திரும்ப வரவேண்டும். இரவிலும் எடுக்கக்கூடிய இரண்டு தொலைபேசி இலக்கங்கள் வேண்டும், அதில் ஒன்று வழக்கமாக அந்த வானைத் திருத்தும் பாஸினுடையதாக இருக்கட்டும். பாஸின் இலக்கத்தைத் தர உரிமையாளர் தயங்கினால், அப்படி ஒரு பாஸ் இருக்கிறாரா என்றே யோசியுங்கள்.

முற்பணம் கால் பங்கு போதும். வங்கி வழியாகக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மிச்சம் வான் கைக்கு வரும் அன்று. அடையாள அட்டையின் பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். பத்து நாள் ஊர் ஊராகப் போகிற ஆளுக்கு அது சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

காப்புறுதியை நீங்களே விசாரியுங்கள். சான்றிதழில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து, "இந்த வாகனத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டினால் காப்பு உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதி, வாடகைக்கு ஓடும்போது கைகொடுக்காமல் போகலாம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு மலை தேட வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை காலி வீதி நெரிசலில் ஓட்டுங்கள். மெல்ல ஊரும்போதுதான் விசிறி மெல்லச் சுற்றும், சூடு ஏறும். பிறகு எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகாத வான் மதவாச்சி வெயிலில் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. பின்னாலுள்ள எஞ்சின் மூடியைத் திறந்து பெற்றோல் குழாய்களையும் பாருங்கள். வெடித்த இறப்பர்க் குழாயிலிருந்து சூடான எஞ்சினில் பெற்றோல் சொட்டித்தான் பல கொம்பிகள் எரிந்திருக்கின்றன. எஞ்சின் கூடு மக்னீசியக் கலவை, பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. தீயணைப்பான் இல்லாத வானை எடுக்க வேண்டாம்.

உங்கள் பாதை சுமார் 1,200 கிலோமீற்றர். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் என்று வைத்தால் ஒரு வானுக்கு 150 லீற்றர் பெற்றோல். எஞ்சின் ஒயில் மொத்தமே இரண்டரை லீற்றர்தான், ஆகவே தினமும் காலையில் பாருங்கள். வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறுவது விடியற்காலையில் நடக்கட்டும். நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பொத்துவிலில் இருந்து மொனறாகலை போகும் வீதி லகுகல யானைக் காட்டை ஒட்டியது. அங்கே இரவில் ஓடுவதும் வேண்டாம், ஓரம் கட்டித் தூங்குவதும் வேண்டாம். அடுப்புக்கு 2.3 கிலோ சிலிண்டர் போதும். சமையல் வானுக்கு வெளியே.

என்னைக் கேட்டால் ஒரு கொம்பியும் ஒரு டொல்பின் வானும் (ரொயோட்டா ஹையேஸ்) எடுப்பேன். படம் எடுக்கக் கொம்பி, இழுத்து வர டொல்பின். சிரிக்காதீர்கள்.

கேள்வி: அதே உரிமையாளர் ஒரு வானை விற்கவும் தயார். எட்டுப் பேரும் காசு போட்டு வாங்கினால் என்ன?

பதில்: எட்டுப் பேருக்குச் சொந்தமான வானை யாருடைய வீட்டு வாசலில் நிறுத்துவீர்கள்? அதற்குப் பதில் இருந்தால் மேலே வாசியுங்கள்.

ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத்தகட்டு வான் என்றால் பல கை மாறியிருக்கும். (அந்த எழுத்தின் மேல் 1958இல் தார் பூசிய கதையைப் பெரியவர்களிடம் கேளுங்கள்.) சிலவேளை இப்போதைய உரிமையாளரின் பெயர் பதிவுப் புத்தகத்திலேயே இராது, பழைய ஆள் ஒப்பமிட்ட படிவத்தோடு "ஓப்பன் பேப்பரில்" கிடக்கும். அப்படி வாங்காதீர்கள். சசி (அடிச்சட்ட) இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள், எஞ்சின் பெரும்பாலும் மாற்றப்பட்டிருக்கும். உள்ளே கட்டிய படுக்கையால் ஆசனங்கள் குறைந்திருந்தால் அந்த மாற்றமும் பதிவில் ஏறியிருக்க வேண்டும்.

எஞ்சினைப் பற்றிக் கவலை வேண்டாம். பீட்டில் திருத்தத் தெரிந்த பாஸுக்கு இதுவும் தெரியும், சாமான் கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடலாம். பயப்பட வேண்டியது துருவுக்கு. கடற்காற்றில் நின்ற வான் என்றால் கீழே படுத்து அடித்தளத்தைப் பாருங்கள். டிங்கரிங் செய்து புதுப் பெயின்ற் அடித்திருந்தால் துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதியில் வையுங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பூச்சுத்தான்.

வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், மூன்று மாதத்துக்குள். வாடகைச் சேவைக்கும் அதே மூன்று மாதம்தான். தொலைபேசி 1977.

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து வரும் கூட்டாளியும் ஓட்ட ஆசைப்படுகிறான். கனடா லைசன்ஸ் போதுமா?

பதில்: போதாது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், அதைக் காப்புறுதிக்காரருக்கும் சொல்ல வேண்டும். அதோடு அவர் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர், ஓட்டோ கியர்க்காரராகவும் இருக்கக்கூடும். கொம்பியில் நீளமான கியர்த்தடியும் கிளச்சும். புத்தளம் வீதி நேராகக் கிடக்கும் இடத்தில், காலையில், பக்கத்தில் ஒருவர் இருக்க, கொஞ்சத் தூரம் ஓட்டட்டும். எல்லவுக்கு ஏறும்போது சாவி வேறு கையில் இருக்கட்டும்.