ஃபேண்டஸி கேம்களில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அதே பொருள்கள்தான் கிடைக்கின்றன. இதற்கு ரசிகர்கள் சொல்லும் வேடிக்கையான காரணங்களில் உங்களுக்குப் பிடித்தது எது?

கேட்டவர் எப்படியும் ஸ்கைரிம் என்ற கேமில் ஒரு முப்பது கல்லறையாவது இறங்கி ஏறியிருப்பார். ஜாடியில் கைவிட்டால் நாலு செப்டிம் (அந்த ஊர்க் காசு), பெட்டியைத் திறந்தால் பத்து செப்டிமும் ஒரு இரும்புக் கத்தியும். அலுத்துப்போய்த்தான் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

உண்மைக் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வந்து வகுப்பெடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் ஒரு பட்டியல் உண்டு. நம் லெவலைப் பார்த்து அதிலிருந்து குலுக்கிப் போடுகிறது கேம். மலிவான பொருளுக்குச் சீட்டு அதிகம், அதனால் அதுவே திரும்பத் திரும்ப விழும். நாம் காலி செய்த குகைகூட விளையாட்டுக் கணக்கில் 30 நாள் போனால் மறுபடி நிரம்பிவிடும். இது எனக்கும் தெரியும். ஆனால் கேள்வி அதுவல்லவே.

2012-இல் கன்னியாகுமரி மாவட்டத்துப் பூதப்பாண்டியில் எங்கள் பாட்டா வீட்டில் நானும் பெரியப்பா மகன் அண்ணனும் ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி விளையாடுவோம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத வருடம் அது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேவ் செய்வோம். ப்ளீக் ஃபால்ஸ் பாரோ என்ற கல்லறையில் ஒரு டிராகரை, அதாவது எழுந்து நடக்கும் பழைய பிணத்தை, வெட்டிச் சாய்த்துவிட்டு அண்ணன் கேட்டான்: "எல மக்கா, செத்து ஆயிரக்கணக்குல வருசமான பொணத்துக்கிட்ட இப்பத்திய காசு எப்பிடி வந்தது?"

நியாயமான கேள்வி. செப்டிம் என்ற நாணயத்துக்கு அந்தப் பெயர் வந்ததே டைபர் செப்டிம் என்ற பேரரசனால். அவன் தொடங்கிய மூன்றாம் யுகம் 433 ஆண்டு ஓடியது. கேமின் கதை நடப்பது நான்காம் யுகம் 201-இல். அப்படியென்றால் அந்தக் காசுக்கு ஏறக்குறைய 650 வயதுதான். டிராகர்களோ அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே புதைக்கப்பட்டவர்கள். கல்லறைக்குள் மெழுகுவர்த்தி எரிவதற்காவது கேமுக்குள் கிடைக்கும் ஒரு புத்தகத்தில் குறிப்பு இருக்கிறது: டிராகர்கள் முறைவைத்து எழுந்து, தங்கள் பூசாரியின் சவப்பெட்டி முன் விழுந்து வணங்கி, இடத்தையும் துப்புரவாக்கிவிட்டுப் படுப்பார்களாம். காசுக்கு அதில் பதில் இல்லை.

எங்களுக்குப் பதில் கிடைத்தது அதே வருடம், வீட்டுப் பத்தாயத்தைப் பிரித்தபோது. அதற்குப் பின்னால் பித்தளைப் பட்டை போட்ட மரப்பெட்டி ஒன்று பூட்டியபடி இருந்தது. சாவி தொலைந்து இரண்டு மூன்று வருடம். ஆசாரியை வரச்சொல்லி நாதாங்கியைப் பெயர்த்தோம். அடியில் சங்கு பொறித்த திருவிதாங்கூர்ச் செப்புக்காசுகள் பச்சைபிடித்து ஒட்டிக்கிடந்தன. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று கணக்குப் பார்த்த காலத்துப் பணம். அதற்கு மேலே ஓரம் நெளிநெளியான அலுமினியப் பத்துப் பைசாக்கள். எல்லாவற்றுக்கும் மேலே பளபளவென்று இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும்! பெட்டி பாட்டாவின் அப்பாவுடையது. எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்கு முன்னாலேயே அவர் போய்ச்சேர்ந்துவிட்டார்.

ஆச்சியிடம் கேட்டோம். "சித்திரை ஒண்ணுக்கு நாந்தான் போடுவேன். உங்களுக்கெல்லாம் கைநீட்டம் குடுக்கேன், அவருக்கு வேண்டாமா? பெரியவங்க பொட்டி வெறும்பொட்டியா கெடக்கப்பிடாதுல்லா, மக்களே" என்றாள்.

எங்கள் தியரி இதுதான். யாரோ வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை, விளைச்சல் முடிந்தோ என்னவோ, கல்லறை வாசல்வரை வந்து முன்னோருக்கு நாலு செப்டிம் வைக்கிறார்கள். உள்ளே அதை எடுத்து அடுக்குவது அந்தப் புத்தகத்தில் சொன்ன துப்புரவுக்காரர்கள். நாலு செப்டிம் ஏன் என்றால் கையில் இருப்பது அவ்வளவுதான். காலி செய்த பெட்டி மறுபடி நிரம்புவதற்கும் இது பொருந்துகிறது. வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இதை யாரிடமிருந்தும் எடுக்கவும் இல்லை. இதே யோசனை வேறு யாருக்காவது வந்திருந்தால் சந்தோஷம், அவர்கள் வீட்டிலும் ஒரு ஆச்சி இருந்திருப்பாள்.

டிராகன் ஏஜ் 2 என்ற இன்னொரு கேமில் மூலைக்கு மூலை கிழிந்த கால்சட்டை கிடைப்பதற்கும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அது ஊரில் உள்ள பொருள், அதனால் கிடைக்கிறது. குலசேகரம் பக்கத்தை வைத்து ஒரு கேம் செய்தால் எதைத் திறந்தாலும் சிரட்டைதான் வரும். ரப்பர் மரத்துக்கு மரம் பால் பிடிக்கக் கட்டியிருப்பது அதைத்தானே.

அந்த சேவ் ஃபைல் இன்று என்னிடம் இல்லை. நாகர்கோவிலில் ஒரு கடையில் ஃபேன் மாற்றக் கொடுத்த கம்ப்யூட்டர் நாலு ஜிபி ராம் போய் இரண்டு ஜிபியோடு திரும்பி வந்தது. கேட்டால் "முதல்லயே அப்பிடித்தான் இருந்தது" என்றார்கள். ஹார்ட் டிஸ்க்கையும் கேட்காமலே அழித்திருந்தார்கள். பில் இல்லை என்பதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கொடுப்பதற்கு முன் உள்ளே இருப்பதைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

பூட்டிய பெட்டிக்குள்ளேயே லாக்பிக் (பூட்டைத் திறக்கும் கம்பி) கிடைப்பது எப்படி என்று யாராவது கேட்பீர்கள். ஆசாரி பெயர்த்த அந்தப் பெட்டியில் ஐந்து ரூபாய்க்குக் கீழே, கறுப்புக் கயிற்றில் கோர்த்து, அதே பெட்டியின் மாற்றுச் சாவி கிடந்தது.