ஒரே சொல், பல தொண்டை

நான் சொன்னாலும் என் நாலு வயசுப் பையன் சொன்னாலும் 'ஆடு' ஆடுதான். காது எப்படிக் கண்டுபிடிக்கிறது? (மேலூர்)

ஒலியாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றே அல்ல. குரல்நாணிலிருந்து உதடு வரை ஆணுக்குச் சுமார் 17 செ.மீ.; பையனுக்கு அது வெகு குட்டை. இந்தக் குழாய் குட்டையானால் அதன் ஒத்ததிர்வுகள், அதாவது அது தூக்கிக் கொடுக்கும் அதிர்வெண்கள், மேலே ஏறும். 1952-ல் பீட்டர்சன், பார்னி என்ற ஆய்வாளர்கள் 76 பேரின் ஆங்கில உயிரொலிகளை அளந்தார்கள். ஒருவரின் ஒலி இன்னொருவரின் வேறு ஒலிமேல் ஏறிக் கிடந்தது. ஆக, அளவை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பேசுபவரின் மற்ற ஒலிகளை வைத்துத்தான் காது சுருதி சேர்க்கிறது. 1957-ல் லேடிஃபோகெட், பிராட்பென்ட் என்ற ஆய்வாளர்கள் முன்னால் வரும் வாக்கியத்தின் ஒத்ததிர்வை மட்டும் மாற்றினார்கள். மாற்றாத அதே சொல் 'பிட்' போய் 'பெட்' என்று கேட்டது! மாட்டுத்தாவணியில் முன்பின் கேட்டிராத கண்டக்டர் கூவும் முதல் ஊர்ப்பெயர் நழுவி, இரண்டாவது பிடிபடுவதும் இப்படித்தான்.

மிஸ் டிக்டேஷன் சொன்னால் மகள் எழுதுகிறாள். வேறு யார் சொன்னாலும் தடுமாறுகிறாள். (திருமங்கலம்)

சொல்லோடு சேர்ந்து குரலும் மனதில் பதிகிறது. ஒரே குரலில் பழகினால் அந்தக் குரலுக்குத்தான் பழக்கம். ஜப்பானியருக்கு ஆங்கில 'ர', 'ல' வேறுபாட்டைச் சொல்லிக் கொடுத்த சோதனைகளில், பல குரல்களில் பயின்றவர்கள் புதுக் குரலிலும் தேறினார்கள். ஒரே குரலில் பயின்றவர்கள் அப்படித் தேறவில்லை.

நாளைக்கு 15 சொல் போதும். முதல் இரண்டு நாள் ஒரே குரல். பிறகு அப்பா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று நாலைந்து பேரைப் போனில் பதிவு செய்து கலந்து போடுங்கள். சொல்லுக்குச் சொல் 4 விநாடி இடைவெளி விடுவது முக்கியம். வேகமாகப் போட்டால் குரலுக்குப் பழகுவதிலேயே கவனம் செலவாகி, சொல் நினைவில் நிற்காது. நிதானமாகப் போட்டால் அதே பலகுரல் நினைவுக்குக் கைகொடுக்கும். கலந்த முதல் நாள் மார்க் குறையத்தான் செய்யும். அங்கேயே நிறுத்திவிடாதீர்கள்.

போனில் 'எஸ்', 'எஃப்' இரண்டும் ஒன்றுபோலக் கேட்கிறதே? (உசிலம்பட்டி)

பழைய தொலைபேசி அலைவரிசை 300 முதல் 3400 ஹெர்ட்ஸ்தான். 'ஸ்' என்ற சீறலின் பெரும்பகுதி அதற்கு மேலே. கத்திப் பிரயோஜனமில்லை, 'சிவகங்கை எஸ்', 'ஃபேன் எஃப்' என்று சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் பலர் 'ழ'வை 'ள' என்கிறார்கள். வெளியூர்க்காரருக்குக் குழப்பம் வராதா? (மதுரை)

கொஞ்ச நேரம் பேச்சுக் கேட்டால் காது பழகிவிடும். தனிச்சொல்லில்தான் சிக்கல். 'பேப்பரைக் கிளி' என்றால் யாரும் கூண்டைத் தேடுவதில்லை.