எம்.எஸ். ஆய்வாளருக்கு நோயாளியிடம் பேசும் பயிற்சி எதற்கு?

கேள்வி இதுதான்: 'மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் ஆராய்ச்சிக்குப் போக ஆசை. நோயாளியிடம் பேசுவது சிகிச்சை தரும் டாக்டரின் வேலைதானே, ஆய்வாளர் அதை ஏன் கற்க வேண்டும்?'

மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் பாதுகாப்பு உறை சிதையும் நோய். இதில் முக்கியமான தரவு பலவும் நோயாளியின் வாயிலிருந்துதான் வருகிறது. சர்க்கரை நோய் என்றால் ரத்தத்தில் ஒரு எண் கிடைத்துவிடும். எம்.எஸ். மருந்துச் சோதனைகள் பலவற்றில் எண்ணப்படுவது ரிலாப்ஸ், அதாவது நோய் மீண்டும் தலைதூக்குவது. புதிய அறிகுறி வர வேண்டும், அல்லது பழையது மோசமாக வேண்டும். அது 24 மணி நேரமாவது நிற்க வேண்டும், காய்ச்சலோ தொற்றோ காரணமாக இருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்றின்போது கால் பலவீனமானால் அது பெரும்பாலும் போலி ரிலாப்ஸ். வெந்நீரில் குளித்ததும் மங்கிய பார்வை சற்று நேரத்தில் தெளிந்தால் அது 1890-இல் ஊத்தாஃப் விவரித்த விளைவு. மயலின் என்ற அந்தப் பாதுகாப்பு உறை சிதைந்த நரம்பு, உடல் சூடேறினால் சமிக்ஞையைக் கடத்தத் தடுமாறும். அவ்வளவுதான், புதுச் சேதம் எதுவும் இல்லை.

இதைப் பிரித்தறியத் தொலைபேசியில் 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்றுதான் பதில் வரும். எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரம் நின்றது, அப்போது காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ இருந்ததா, முன்பு இதே இடத்தில் வந்திருக்கிறதா, போன வாரம் செய்ய முடிந்து இந்த வாரம் முடியாமல்போன வேலை எது என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியை அவசரத்தில் விட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

அடுத்தது நரம்பியல் டாக்டர் கர்ட்ஸ்கியின் ஈ.டி.எஸ்.எஸ். (1983), நோயாளியின் இயலாமையை அளக்கும் அளவுகோல். 0 முதல் 10 வரை; எண் கூடக்கூட இயலாமை கூடும். 4-ஐத் தாண்டினால் அது பெரும்பாலும் நடையைத்தான் அளக்கிறது. ஓய்வின்றி, துணையின்றி 500 மீட்டர் நடந்தால் 4; 100 மீட்டர் போக ஒரு பக்கம் கோல் தேவைப்பட்டால் 6. களைப்பாலும் மறதியாலும் வேலையை விட்டவருக்கு மதிப்பெண் 2 என்றே இருக்கலாம். 'மதிப்பெண் நன்றாக இருக்கிறது' என்று அவரிடம் சொன்னால், சொன்னவர் தன்னை நம்பவில்லை என்றே அவர் எடுத்துக்கொள்வார். அடுத்த முறை அறிகுறியைச் சொல்லவும் மாட்டார். சிந்தனை வேகத்தை அளக்க 90 வினாடிகளில் முடியும் குறியீடு-எண் சோதனை இருக்கிறது. அதையும் சேர்த்து நடத்துங்கள்.

பேச்சு ஆய்வையே கெடுக்கும் இடமும் உண்டு. யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மருந்து என்று தெரியாமல் மதிப்பிட வேண்டும் என்பதால், சோதனையில் சிகிச்சையைக் கவனிக்கும் டாக்டர் வேறு, மதிப்பெண் போடும் டாக்டர் வேறு. நோயாளி இரண்டாமவரிடம் 'ஊசி போட்டால் காய்ச்சல் வருது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்தக் குழு என்று ஊகித்துவிடலாம். ஊசி போட்ட இடத்தை மூடிக்கொண்டு வரவும், பக்கவிளைவை அவரிடம் பேசாமல் இருக்கவும் ஒவ்வொரு வருகைக்கு முன்பும் நினைவூட்ட வேண்டும். காரணத்தையும் சொல்லுங்கள். வெறும் 'பேசாதீங்க' என்றால் பக்கவிளைவை எல்லாரிடமிருந்தும் மறைத்துவிடுவார்கள்.

எண்களைச் சொல்லும் விதம் தனிக்கலை. 1993-இல் இன்டர்ஃபெரான் பீட்டா என்ற எம்.எஸ். மருந்து முதன்முதலில் வந்தது. அதன் சோதனையில் ஆண்டு ரிலாப்ஸ் விகிதம் போலி மருந்துக் குழுவில் 1.27, அதிக அளவு மருந்து பெற்றோரிடம் 0.84. 'மூன்றில் ஒரு பங்கு குறைகிறது' என்றால், நோயே அவ்வளவு குணமாகும் என்று பலர் புரிந்துகொள்வார்கள். 'பத்துப் பேருக்கு ஓராண்டில் மருந்தில்லாமல் 13 முறை வரக்கூடியது, மருந்தோடு 8 முறை வந்தது' என்றால் எதிர்பார்ப்பு சரியான இடத்தில் நிற்கும். ஆபத்தைச் சொல்லும்போதும் அதே பத்தை வைத்தோ, பலனையும் ஆபத்தையும் ஆயிரமாக மாற்றியோ சொல்லுங்கள்; இரண்டுக்கும் வெவ்வேறு அடி எண் கூடாது.

ஆபத்தை நோயாளிகள் டாக்டர்களைப் போலவே எடைபோடுவார்கள் என்றும் நினைக்காதீர்கள். நடாலிசுமாப் என்ற எம்.எஸ். மருந்து 2004-இல் வந்து, பி.எம்.எல். என்ற மூளைத் தொற்றால் 2005-இல் நிறுத்தப்பட்டது. அதைத் திரும்பத் தரக் கேட்டு அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு முன் நோயாளிகளே பேசினார்கள். 2006-இல் கண்காணிப்பு நிபந்தனைகளோடு அது திரும்பியது.

நீங்கள் தொடங்குவதானால், நியூரோஸ்டேட்டஸ் தேர்வு எழுதி ஈ.டி.எஸ்.எஸ். மதிப்பிடச் சான்று பெறுங்கள், புள்ளியியலை முறையாகப் படியுங்கள். ஒப்புதல் படிவத்தை முதலில் இரண்டு, மூன்று நோயாளிகளிடம் கொடுத்து அவர்கள் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறும் பத்தியைத் திருத்துங்கள். சோதனை முடிந்ததும் 'நீங்கள் எந்தக் குழுவில் இருந்தீர்கள், முடிவு என்ன' என்று தெரிவிக்கும் கடிதத்துக்கான செலவை முதல் நாளே திட்டத்தில் எழுதிவையுங்கள். பிறகு பார்க்கலாம் என்றால் அந்தக் கடிதம் போகவே போகாது.