தமாக்சிஃபென் எடுக்கும்போது மஞ்சள் காப்ஸ்யூல் சாப்பிடலாமா?

மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை என்பது, ஈஸ்ட்ரோஜன் புற்றுச்செல்லைத் தூண்டாமல் தடுப்பது. அதற்குத் தரும் தமாக்சிஃபென் மாத்திரை நெல் மாதிரி. கல்லீரல் என்ற ஆலையில் அரைபட்டு எண்டாக்சிஃபென் என்ற அரிசியானால்தான் முழுப் பலன். சில துணை மாத்திரைகள் அந்த ஆலையின் வேலையையே மாற்றிவிடும். 2019இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில், சமையல் மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருளை எடுத்தவர்களுக்கு எண்டாக்சிஃபென் அளவு குறைந்தது. மிளகிலுள்ள பைப்பரினும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. மனச்சோர்வுக்கு விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையும் வேண்டாம்.

லெட்ரோசோல் என்ற இன்னொரு ஹார்மோன் சிகிச்சை மாத்திரை எடுப்பவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறையும் என்பதால் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை மருத்துவரே தருவதுண்டு. எதை வாங்கினாலும் டப்பாவை அவரிடம் காட்டிவிடுங்கள், தயவுசெய்து.

அப்புறம், இதற்காக ரசத்தை நிறுத்த வேண்டாம். குழம்பில் போடும் சிட்டிகை மஞ்சளும் மிளகும் பிரச்சினை இல்லை, அடர்த்தியான காப்ஸ்யூல்தான் கவலை.