மாமியார் உதடு மகளுக்கு எப்படி வந்தது? முகச்சாயல் கேள்வி பதில்

கேள்வி: எனக்கும் கணவருக்கும் மெல்லிய உதடு. மகளுக்கு மட்டும் தடித்த உதடு, அச்சு அசல் என் மாமியார். ஒரு தலைமுறை தாண்டி வருமா?

பதில்: தாராளமாக வரும். பள்ளிக்கூடத்தில் பட்டாணிச் செடியை வைத்து ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று படித்தோமே, அதை அப்படியே முகத்துக்குப் பொருத்திப் பார்ப்பதால் வருகிற குழப்பம் இது. உதட்டுக்கென்று ஒற்றை மரபணு கிடையாது, பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கைவைக்கின்றன. தடிப்புக்கு உதவுகிறவை சில உங்கள் கணவரிடம் இருந்திருக்கும், மற்றவை எதிர்ப்பக்கம் இழுத்ததால் வெளியே தெரியவில்லை. அவற்றோடு உங்களிடம் ஒளிந்திருந்த சிலவும் மகளிடம் ஒன்றுசேர்ந்துவிட்டன. மாமியார் பெருமைப்பட்டுக்கொள்ளட்டும், ஆனால் அந்த உதட்டில் உங்கள் பங்கும் இருக்கிறது.

கேள்வி: சரி, ஒரு மரபணுவையாவது பெயர் சொல்லிக் காட்ட முடியுமா?

பதில்: டிபிஎக்ஸ்15. பிரேசில், சிலி, கொலம்பியா, மெக்சிகோ, பெரு நாடுகளில் 6,000 பேருக்கு மேல் பக்கவாட்டு முகப் படங்களை அளந்து 2021இல் ஒரு ஆய்வு வெளியானது. முகத்தோடு தொடர்புள்ள 32 மரபணுப் பகுதிகள் அதில் கிடைத்தன, உதட்டுத் தடிப்போடு சேர்ந்து வந்தது இது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த மரபணுவின் ஒரு வடிவம் டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து வந்ததாகத் தெரிகிறது என்பதுதான். கொழுப்பு உடலில் எங்கே சேர வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு, குளிரைத் தாங்க உதவியிருக்கலாம்.

கேள்வி: கிரகணத்தன்று வெளியே போனதால்தான் என் பையனுக்கு உதட்டுப் பிளவு என்கிறார்கள்.

பதில்: இல்லவே இல்லை, அப்படிச் சொல்கிறவர்களிடம் இதைக் காட்டுங்கள். மேலுதடு இரண்டு பக்கமிருந்தும் நடுப்பகுதியிலிருந்தும் வளர்ந்துவந்து ஒட்டுகிறது, மூக்குக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறதே, அது உருவாவதும் அப்போதுதான். இதெல்லாம் கருவின் 4 முதல் 7 வாரத்துக்குள், பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே சரியாகத் தெரியாத நாட்களில் முடிந்துவிடும். ஒட்டாமல் போனால் பிளவு. ஐஆர்எஃப்6 போன்ற மரபணுக்கள், புகை, சில வலிப்பு மாத்திரைகள் எல்லாம் வாய்ப்பைக் கூட்டும், பல நேரம் தனிக் காரணம் எதுவும் சிக்காது. நிலாவுக்கும் சூரியனுக்கும் இதில் வேலை இல்லை, உங்கள் மேலும் தப்பில்லை. பையனுக்கு அறுவை சிகிச்சை எப்போது என்று மட்டும் கேளுங்கள், உதட்டை வழக்கமாக முதல் வயதுக்குள்ளேயே தைத்துவிடுவார்கள்.

கேள்வி: சொந்தத்தில் கட்டினால் முகம் கோணலாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. ஆனால் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தைப் பாருங்கள். ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப் உடன்பிறந்தவளின் மகளையே கட்டினார், நம் பக்கத்துத் தாய்மாமன் கல்யாணம் மாதிரி. மகன் இரண்டாம் சார்லஸுக்குக் கீழ்த்தாடை முன்னே துருத்தி, மெல்லவே கஷ்டம், வாரிசில்லாமல் 1700இல் இறந்தார். அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டியிருந்தார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது தாடையைப் பற்றி அல்ல, மறைந்திருக்கும் பரம்பரை நோய்களைப் பற்றி. கல்யாணத்துக்கு முன் மரபியல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வயதாக ஆக உதடு மெலிகிறது, அதுவும் ஜீனா?

பதில்: கொஞ்சம். மீதி வயதும் வெயிலும்.

கேள்வி: டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் பிறக்கப்போகும் குழந்தையின் முகத்தைச் சொல்லிவிடுவார்களாமே?

பதில்: யாராலும் முடியாது. அந்தக் காசுக்குத் தொட்டில் வாங்குங்கள்.