விரல் படுகிறது, பிடி நிற்கவில்லை: ஏன்?

கேள்வி: பாளையங்கோட்டையில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் பலகைச் சுவர் அடித்து, பாறையேற்றத்துக்காக ஆறு மாதமாக ஏறிப் பழகுகிறோம். சுவரில் பதித்த அடுத்த பிடி ஒரு சாண் தள்ளி இருந்தால் எட்டவில்லை. தாவினால் விரல் பட்டு நழுவிவிடுகிறது. கைக்கு இன்னும் பலம் ஏற்ற வேண்டுமா? பக்கத்துக் குன்றுகளில் போய்ப் பழகலாமா?

பதில்: விரல் படுகிறது என்றால் உயரம் போதுமானதாக இருக்கிறது. தவறுவது நேரம். கைப்பலத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

எக்குவது, எம்புவது, தாவுவது மூன்றும் வேறு வேறு. எக்கும்போது உடம்பு நிலையாக இருக்கும், கை மட்டும் நீளும். எம்பும்போது கால் பிடியிலேயே இருக்க, உடம்பு ஒரு உந்தலில் மேலே போய் ஒரு கணம் நிற்கும். கை அப்போது பிடிக்கும். ஏறுபவர்கள் இதைத்தான் டெட்பாயிண்ட் என்கிறார்கள். கையும் காலும் மொத்தமாகச் சுவரை விட்டுப் பறப்பது தாவல், அதாவது டைனோ. நீங்கள் நடுப்படியைத் தாண்டி நேரே மூன்றாவதற்குப் போயிருக்கிறீர்கள்.

ஊஞ்சல் உச்சிக்குப் போனதும் உடம்பு கனமற்றுப் போகுமே, அந்தக் கணம்தான் பிடிக்க வேண்டிய கணம். கணக்காகச் சொன்னால், 20 செ.மீ. மேலே எழ வினாடிக்கு சுமார் 2 மீட்டர் வேகம் வேண்டும்; உச்சியை எட்ட 0.2 வினாடி ஆகும். உச்சிக்கு முன்னும் பின்னும் 0.05 வினாடிக்குள் உடம்பு ஒரு செ.மீ. அளவுதான் நகர்கிறது. அதற்குள் பிடித்தால் சின்னப் பிடியும் தாங்கும். 0.1 வினாடி தாமதித்தால் உடம்பு 5 செ.மீ. இறங்கி, வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும். அந்த இழுப்பு முழுவதையும் விரல் தாங்க வேண்டும். நழுவுவது அதனால்தான்.

உந்தல் வர வேண்டியது காலிலிருந்து. பனையேறியைக் கவனியுங்கள்: உடம்பைத் தூக்குவது கால், கை அணைத்துப் பிடிக்கத்தான். புதிதாக ஏறுபவர் முழங்கையை மடக்கித் தொங்கியபடியே கிளம்புகிறார். கிளம்பும் முன்பே கை சோர்ந்துவிடுகிறது.

பழகும் முறை இது. ஏறுபவர் பக்கம் லேசாகச் சாய்ந்த சுவரில், பெரிய பிடிகளாகப் பார்த்து, கால் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் போகாமல் நில்லுங்கள். இலக்கு, எக்கினால் எட்டும் இடத்துக்கு நாலு விரற்கடை மேலே இருந்தால் போதும். சாண் கணக்கெல்லாம் பிறகு. கையை நீட்டித் தொங்கி, முழங்காலை மடக்கி இறங்குங்கள். இடுப்பு சற்று வெளியே வரட்டும். இரண்டு முறை ஆடிவிட்டு மூன்றாவதில் காலை உதைத்து இடுப்பைச் சுவரை நோக்கி மேலே கொண்டுபோங்கள். நேரே மேலே மட்டும் உதைத்தால் உடம்பு சுவரை விட்டு விலகும், பிடித்த கையும் பிய்ந்துவரும். கண் இலக்கின் மேலேயே இருக்கட்டும், அதுவும் எந்த விரல் எங்கே விழ வேண்டும் என்கிற அளவுக்கு.

முதல் ஐந்து முறை பிடிக்கவே வேண்டாம், தொட்டுவிட்டு வாருங்கள். பயம் இருந்தால் பாதி உதையோடு நின்றுவிடுவோம். தொடுவது மட்டும் என்றால் உதை முழுதாக வரும். அப்புறம் பிடித்து இரண்டு வினாடி நில்லுங்கள். பிடிக்கும்போது முழங்கை சற்று மடங்கியும் தோள் இறுகியும் இருக்க வேண்டும். தளர்ந்த தோளோடு தொங்கினால் முதலில் அடிபடுவது அந்த மூட்டுதான்.

கால் மணி நேரம் உடம்பைச் சூடாக்கிய பிறகு, ஒரு நாளைக்கு 15 முதல் 20 முயற்சி, இடையில் இரண்டு மூன்று நிமிட ஓய்வு, வாரம் இரண்டு நாள். விரலின் அடிக்கணுவில் வலி தெரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். 'டப்' என்று சத்தம் கேட்டால் மருத்துவரிடம் போங்கள்; தைலம் தேய்த்து நீவிவிட வேண்டாம்.

மொட்டைமாடி என்பதால் ஒரு எச்சரிக்கை. எம்பி விழுபவர், எக்கி விழுபவரைவிட வெளியே தள்ளி விழுவார். அந்த வழியில் கைப்பிடிச் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கக் கூடாது. இரண்டு மெத்தை சேரும் இடுக்கில்தான் கணுக்கால் பிசகும். மெத்தைகளின் மேலே தார்ப்பாயை இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு காலிலும் இறங்கி, முழங்கால் மடங்கி, அப்படியே முதுகில் உருளுங்கள். பின்னால் கை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும்.

குன்றுக்கு இப்போது வேண்டாம். நம் பக்கத்துப் பாறையின் சொரசொரப்பு, நழுவும் விரலின் தோலை உரித்துவிடும். இந்த உந்தல் சுவரில் பத்துக்கு எட்டு முறை நின்ற பிறகு போகலாம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பக எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. சாரல் காலத்தில் பாறை பாசி பிடித்து வழுக்கும். வெயில் காலத்தில் காலை எட்டரைக்கு மேல் கை வியர்க்கும், வழுக்காமலிருக்கக் கையில் பூசும் சாக்பொடியும் உதவாது. கோயிலோ கல்வெட்டோ உள்ள பாறையில் அந்தப் பொடியைப் பூசாதீர்கள். எம்பும் முன் இலக்குப் பிடியை விரல்முட்டியால் தட்டுங்கள். பொள்ளென்று கேட்டால் அது பெயரும் கல். மேலே மலைத்தேன் அடை தொங்குகிறதா என்று கீழிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.