விடுதியில் ஒருவருக்கு ஃப்ளூ வந்தால் மற்றவர்களுக்குப் பரவாமல் தடுப்பது எப்படி?

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கல்லூரி விடுதியில் இருப்பதாகவும், அறைத்தோழருக்கு ஃப்ளூ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கி, அதன்பின் 5 முதல் 7 நாள்கள் வரை தொற்று நீடிக்கக்கூடும் என்பதால், அவரைத் தனி அறைக்கு மாற்றுவது மட்டும் போதாது. ஆடிச் சாரலுக்குப் பயந்து ஜன்னல்களை இறுக அடைத்துவிட்டு நான்கு பேர் ஒரே அறையில் படுப்பதுதான், என் பார்வையில், முதல் ஆபத்து. கணவாய்க் காற்று வீசும் ஊரில் எதிரெதிர் ஜன்னல்களை ஒரு சாணளவு திறந்துவைத்தாலே உள்ளே தேங்கும், இருமலில் வெளியேறும் கிருமி கலந்த நுண்துளிகள் குறையும். மாத்திரை இல்லாமலேயே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகும்வரை அவர் வகுப்புக்கோ, மெஸ்ஸுக்கோ, பொள்ளாச்சிப் பேருந்துக்கோ போகக் கூடாது. (வருகைப்பதிவுக்காகப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்காருபவர் எல்லா வகுப்பிலும் உண்டு.) சாப்பாடு கொண்டுபோகிறவர் என்95 முகக்கவசம் அணிந்து, திரும்பியதும் சோப்பால் 20 வினாடி கை கழுவ வேண்டும். தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.